டெலஸ்கோப்புக்கு எந்த நாற்காலி? புதுச்சேரி லெ ஜான்டி முதல் நம் மொட்டை மாடி வரை

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வழக்கம்போல் பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் திண்டிவனத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பொண்ணு கேட்டுச்சுன்னு ஒரு டெலஸ்கோப் வாங்கிட்டேன். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு கழுத்து வலிக்குது, கால் வலிக்குதுன்னு கீழ எறங்கிடுது. உக்காந்து பாக்க எந்த மாதிரி சேர் வாங்கலாம் சார்?" என்றார். பத்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது வரலாற்று வாத்தியாரிடம் ஆயிற்றே. "எழுதிப் போடறேன் தம்பி, கொஞ்சம் பொறு" என்றேன். அந்தப் பதில்தான் இது.

வானத்தைப் பார்க்கிறவன் எதன்மேல் நிற்கிறான், எதன்மேல் உட்கார்கிறான் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அந்த ஒன்று சரியில்லாமல் பதினோரு வருட வாழ்க்கையில் பாதியைத் தொலைத்த ஒரு மனிதர் நம் பக்கத்தில், புதுச்சேரியில் இருந்திருக்கிறார். அவர் கதையில் விழுப்புரம் மாவட்டத்து மண்ணுக்கும் பங்கு உண்டு.

பெயர் கியோம் லெ ஜான்டி. பிரெஞ்சு அறிவியல் கழகத்து வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக்கோள் ஒரு கறுப்புப் புள்ளியாக ஊர்ந்து போவதை வெள்ளி இடைநகர்வு என்கிறோம். அது 1761இலும் 1769இலும் வர இருந்தது. அதை விட்டால் அடுத்தது 1874தான். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்காகப் பல நாடுகள் ஆட்களை அனுப்பின. லெ ஜான்டிக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் அவர் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், 1760 ஜனவரி 22 அன்று, நம் வந்தவாசியில் என்ன நடந்தது என்று என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் சொல்ல வேண்டும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! கர்னல் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். அந்த ஒரு சண்டையோடு இந்தப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பிடி தளர்ந்தது. அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. ஏப்ரலில் செஞ்சிக்கோட்டையும் போயிற்று. ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததோடு நிற்கவில்லை, கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இது எதுவும் நடுக்கடலில் இருக்கிற மனிதருக்குத் தெரியாது. மொரீஷியஸ் தீவில் பல மாதம் காத்திருந்து, 1761 மார்ச்சில் லா சில்பீத் என்ற போர்க்கப்பலில் இடம் பிடித்து இந்தியாவை நோக்கி வருகிறார். மே மாதம் மலபார் கரைப் பக்கம் வந்தபோதுதான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை என்ற செய்தி கிடைக்கிறது. கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்து போனது. லெ ஜான்டி கப்பல் தளத்தில் நின்று தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? கால்கீழ் தளம் ஆடுகிறது, குழாய் ஆடுகிறது, ஆட்டத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதே உறுதியில்லை. குறித்த நேரங்கள் கணக்குக்கு உதவவில்லை.

தம்பி, "ஆடாத உட்காருமிடம்" என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தக் கப்பல் தளத்தை நினைத்துக்கொள்.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த இடைநகர்வுக்கு எட்டு வருடம்தானே, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் பக்கம் சுற்றினார், மணிலா போனார். மணிலாவிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர்மேல் சந்தேகம். பாரிசிலிருந்தும் புதுச்சேரிக்குப் போ என்றே சொன்னார்கள். அதற்குள் சமாதான உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. 1768 மார்ச்சில் வந்து இறங்கினார்.

ஆளுநர் லா தெ லொரிஸ்தான் நன்றாக உபசரித்தார். இடிந்துகிடந்த கோட்டை இடிபாட்டின்மேல் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். கீழே இருந்த கெட்டியான நிலவறையில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்தார்களாம்! அதன்மேல் உட்கார்ந்து நட்சத்திரம் பார்த்திருக்கிறார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கி அனுப்பி உதவினார்கள். எட்டு வருடம் முன்னால் அடித்துக்கொண்ட அதே இரண்டு நாட்டார்தான். இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது. ஆடாத தரை, ஓடுகிற கடிகாரம், முன்கூட்டியே கணித்த தீர்க்கரேகை.

1769 ஜூன் 3 இரவு ஆளுநரும் அவரும் சேர்ந்து வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தார்கள். வானம் தெளிவு. அதற்கு முந்தைய நாட்களிலும் காலை வேளைகள் தெளிவாகவே இருந்தன. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் மேகம். விடிந்தும் மேகம். இங்கே சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருக்க வேண்டும், ஏழு மணிவாக்கில் வெளியேற வேண்டும். அந்த நேரம் முழுக்க மூடிக்கிடந்தது. எல்லாம் முடிந்தபின் சூரியன் பளிச்சென்று வெளியே வந்து, மீதி நாள் முழுவதும் காய்ந்தது. அன்று மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது என்று பிறகு அவருக்குச் செய்தி வந்தது. இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியாமல் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1771 அக்டோபரில் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று நினைத்து உறவினர்கள் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்காடினார். கழகத்தில் இடம் திரும்பக் கிடைத்தது, திருமணமும் ஆயிற்று. 1792இல் காலமானார்.

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் கவனிக்க. லெ ஜான்டி புதுச்சேரியில் இருந்தபோது தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அவர்கள் கணக்கு 41 வினாடிதான் குறைவாக வந்தது என்றும், ஐரோப்பாவின் டோபியாஸ் மேயர் அட்டவணை 68 வினாடி கூடுதலாகக் காட்டியது என்றும் பதிவு செய்தார். இதை "நம் முன்னோர்கள் அப்பவே" என்று தலைப்புப் போட்டு அனுப்புகிறீர்கள். சரி. ஆனால் இன்னொன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 1825இல் ஜான் வாரன் என்பவர் (சென்னை வானாய்வுக் கூடத்தில் சில வருடம் பொறுப்பில் இருந்தவர்) புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தார். அவர் தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பிக்கொண்டார். எழுதிய தாள் ஒன்றும் இல்லை. அட்டவணை எல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். அந்த வருடம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு.

எனக்கு இரண்டுமே வியப்புதான். ஒரு மனிதர் ஒரு மணையும் கைப்பிடிச் சோழியும் மட்டும் வைத்துக்கொண்டு சந்திரனைத் துரத்துகிறார். எங்கேயோ தவறுகிறார். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் எழுந்து வெளியே வந்து, கருவி வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிக்க வேண்டும். பல தலைமுறையாக அந்த இரண்டாவது வேலை நின்றுபோயிருந்தது. வாக்கியங்களைத் திருத்த ஆள் இல்லை.

அந்த வேலையைச் செய்ய வந்த தமிழர் ஒருவர் உண்டு. அவருக்குப் போகும் முன் ஒரு தூணைப் பார்த்துவிடலாம்.

லெ ஜான்டி காலமான அதே 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டி முடிந்தது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் 1786இல் சொந்தமாக வைத்திருந்த கூடம்தான் அதற்கு விதை. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். கூடத்தின் நடுவே ஒரே கருங்கல்லில் சுமார் பத்து டன் எடையுள்ள ஒரு தூண். அதன்மேல்தான் கருவி. வானியல் இந்த மண்ணில் எப்போது நடப்பட்டது என்று ஆயிரம் வருடம் கழித்து வருகிறவனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பெருமிதத்தோடு தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ("நடப்பட்டது" என்ற பெருமையை அந்தப் புதுச்சேரிச் சோழிக்காரர் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

பத்து டன் கல் எதற்கு? ஆராய்ச்சிக் கருவியின் பெருக்கம் பெரிது. நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற தொலைநோக்கி, ஆட்டத்தையும் நூறு மடங்கு பெரிதாக்கிவிடும். பக்கத்தில் ஒருவர் நடந்தால் நட்சத்திரம் துள்ளும். அதனால் கருவியின் தூணுக்குத் தனி அடித்தளம் போடுவார்கள், மனிதன் நிற்கும் தரை அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் மொட்டை மாடிக்கும் இதே விதிதான். நாற்காலியின் கால் டெலஸ்கோப் முக்காலியின் காலைத் தொடவே கூடாது.

கருவிக்குக் கல் தூண் கிடைத்தது. மனிதனுக்கு? வடக்கு தெற்காக மட்டும் சுழலும் கருவிகளில் வேலை செய்தவர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு படுக்கை நாற்காலி உண்டு. முதுகுப் பலகையை ஏற்றி இறக்கலாம். தலைக்கு மேலே போகும் நட்சத்திரம் என்றால் ஏறக்குறைய மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே சிலந்தி இழைபோல மெல்லிய கம்பிகள். நட்சத்திரம் ஒவ்வொரு கம்பியையும் கடக்கும் நொடியைக் கடிகாரத்தின் 'டிக்' சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை மனதால் பிரித்து எழுத வேண்டும். கழுத்து வலிக்கிறவன் அந்தக் கணக்கை எப்படிப் போடுவான்? 1796இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் மாஸ்கலின் என்ற தலைமை வானியலாளர், தன்னைவிட முக்கால் நொடிக்குமேல் தாமதமாகக் குறிக்கிறான் என்று கின்புரூக் என்ற உதவியாளரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். பிறகு பெசல் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து, ஒவ்வொரு மனித உடலுக்கும் இப்படி ஒரு சொந்தப் பிசகு உண்டு, அது யாருடைய குற்றமும் இல்லை என்று காட்டினார். கின்புரூக்குக்கு அந்த நியாயம் பயன்படவில்லை. இளம் வயதிலேயே இறந்துபோயிருந்தார்.

இந்த மாதிரி வேலையை நுங்கம்பாக்கத்தில் இரவு இரவாகச் செய்தவர்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் பரம்பரை. நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் தலைமையில் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1862 முதல் 1887 வரை அங்கே நடந்த அளவீடுகளிலிருந்து 5,303 நட்சத்திரங்களின் பட்டியல் உருவானது. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். நவீனத் தொலைநோக்கியில் ஓர் இந்தியர் செய்த முதல் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு வனபர்த்திக்குத் தனிக் குழுவோடு போனார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லெ ஜான்டி காத்திருக்க முடியாத அந்த 1874 இடைநகர்வு வந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதிப் பல மொழிகளில் வரச் செய்தார். பண்டிதர் ஒருவர் கேட்க, வானியல் அறிந்தவர் பதில் சொல்வதுபோல் எழுதியது. பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்டதை வைத்துத் திருத்த வேண்டும் என்று வாதாடி, அப்படித் திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். மணையில் உட்கார்ந்து சோழி போட்ட பரம்பரையிலிருந்து எழுந்துவந்து, தொலைநோக்கிக்கு முன்னால் உட்கார்ந்த மனிதர். 1880இல் மறைந்தார். இவர் பெயர் நம் பாடப் புத்தகத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

வெளிநாட்டுக் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ஹெர்ஷல் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஏணியும் பரணும் கட்டி இருட்டில் ஏறி இறங்கினார். 1783 கடைசி நாள் இரவு அவர் தங்கை கரோலின், பனி உருகிய தரையில் வழுக்கி விழுந்து, கருவியின் இரும்புக் கொக்கி தொடையில் ஏறிவிட்டது. சதை பிய்ந்துதான் வெளியே எடுத்தார்கள். பிறகு எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர் அந்த அம்மா. அமெரிக்காவின் லிக் கூடத்தில் 1888இல் நாற்காலியை ஏற்றி இறக்குவதற்குப் பதில் தரை முழுவதையுமே லிப்ட்போல் ஏற்றி இறக்கினார்கள். அதைப் பார்த்து யெர்க்ஸ் கூடத்திலும் செய்தார்கள். 1897 மே மாதம் ஒரு காலை கம்பிவடம் அறுந்து அந்தத் தரை இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்வரை அதன்மேல் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் குழாயின் உச்சியிலேயே ஒரு கூண்டு, அதற்குள் ஒரு இருக்கை. குளிர்காலத்தில் விமானிகள் போடுகிற, மின்சாரத்தால் சூடாகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு இரவு முழுவதும் அதற்குள் அடைந்து கிடந்தார்கள்.

நம்ம ஜவ்வாது மலைக் காவலூரில் 1968இல் வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று காத்திருந்தபோது, மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு முறை மங்கியதை அங்கே பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்தது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். இன்று அங்கேயும் ஆய்வாளர்கள் கணினித் திரைக்கு முன்னால் சாதாரண ஆபீஸ் நாற்காலியில்தான் உட்கார்கிறார்கள். கண்ணை வைத்துப் பார்க்கிற வேலை நம்மைப் போன்ற மொட்டை மாடிக்காரர்களுக்கு மிச்சம்.

இனி நம் கதை. 2004 ஜூன் 8 நினைவிருக்கிறதா? 122 வருடத்துக்குப் பிறகு வந்த வெள்ளி இடைநகர்வு. நடுப்பகலில் சூரியன் நமக்கு ஏறக்குறைய உச்சியில், கொஞ்சம் வடக்கே தள்ளி இருந்தது. சிறிய கண்ணாடிவில்லைத் தொலைநோக்கியின் பின்பக்கம் தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டது. யாரும் அதில் கண்ணை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. வெள்ளை அட்டையைத் தரையில் வைத்துச் சூரிய பிம்பத்தை அதில் விழச் செய்தோம். பத்து செ.மீ. சூரியனில் மூன்று மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளி. நீங்கள் எல்லோரும் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தீர்கள். லெ ஜான்டி கதையை அன்று சொன்னேன். "பாவம் சார் அவரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்கு நாற்காலி தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததை இதுவரை பொதுவில் எழுதியதில்லை. நிலவு காட்டுகிறேன் என்று ஒரு மாலை மாணவர்களைக் கூப்பிட்டேன். இரவல் வாங்கிய கருவி, ஆடி வைத்த வகை. அதில் கண்வைக்கும் இடம் குழாயின் மேல் முனையில் இருக்கும். நிலவு மேலே ஏற ஏற அதுவும் ஏறும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு எட்டவில்லை. நான்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு "ஏறி நின்னு பாரும்மா" என்றேன். சிமென்ட் தரையில் மெல்லிய மண். பின்கால் அகன்று வழுக்கியது. குழாயைப் பிடித்தால் உடைந்துவிடுமோ என்று அவள் அதைப் பிடிக்காமலே விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு நான் இரவு நிகழ்ச்சி எதுவும் நடத்தவில்லை. பல பேர் "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டபோது நேரமில்லை என்று சொல்லி மழுப்பினேன். காரணம் இதுதான். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. இதை அவளும் படிப்பாள். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகவே தம்பி, நாற்காலி விஷயத்தில் நான் சொல்வதைக் கேள்.

முதலில் டேப் எடுத்து அள. டெலஸ்கோப்பை அடிவானத்துக்கும் உச்சிக்கும் திருப்பி, கண்வைக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு அளவும் எழுது. வில்லை வகையில் உச்சியைப் பார்க்கும்போது அது தாழும், ஆடி வகையில் உயரும். பிறகு பொண்ணை ஸ்டூலில் நேராக உட்கார வைத்து, இருக்கைப் பலகையிலிருந்து கண் வரை அள. எனக்கு 71 செ.மீ. அவளுக்குக் குறைவாக இருக்கும். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் பலகை இருக்க வேண்டிய உயரம். என் கருவிக்கு 25 செ.மீ. முதல் 75 செ.மீ. வரை வேண்டியிருந்தது. கடையில் விற்கும் எந்தச் சாப்பாட்டு மேசை நாற்காலியும் இதற்கு ஈடுகொடுக்காது. வளர்கிற பிள்ளைக்கு வருடா வருடம் அளவு மாறும், அதையும் நினைவில் வை.

சக்கரம் வைத்த ரிவால்விங் சேர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் உட்காருகிற ஸ்டூல் பலர் பயன்படுத்துகிறார்கள். மூன்று கால், திருகினால் ஏறி இறங்கும், மடித்து வைக்கலாம். ஆனால் ஏறி இறங்கும் தூரம் குறைவு.

கால் மூன்றா நான்கா? மொட்டை மாடித் தரை தண்ணீர் ஓடச் சரிவாக இருக்கும், தட்டோடு மேடுபள்ளமாக இருக்கும். நான்கு கால் என்றால் ஒன்று தூக்கிக்கொண்டு டக் டக் என்று ஆடும். மூன்று புள்ளி எந்தத் தரையிலும் படியும். டெலஸ்கோப் முக்காலியில் நிற்பதும் அதனால்தான். ஆனால் முக்காலிக்கு ஒரு குறை. நடுவிலிருந்து கால் நுனி வரை உள்ள தூரத்தில் பாதியளவுதான் இரண்டு காலுக்கு நடுவே பாதுகாப்பு எல்லை. சதுரமாக நான்கு கால் வைத்தால் அதே தூரத்தில் பத்தில் ஏழு பங்கு. குழந்தை எப்போதும் கருவியை நோக்கி முன்னால்தான் சாயும். அதனால் முக்காலி என்றால் ஒரு காலாவது கருவிப் பக்கம் முன்னால் நீண்டிருக்க வேண்டும். அது கருவியின் காலையும் தொடக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்துபார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

கடைசியில் எனக்கு ஒத்துவந்தது, வெளிநாட்டு ஆர்வலர்கள் டென்வர் நாற்காலி என்கிற அமைப்பு. ஏணிபோல் சாய்ந்த இரண்டு சட்டம், பின்னால் ஒரு தாங்கு, சட்டத்தில் கோத்த ஒரு பலகை. பலகையைத் தூக்கி வேண்டிய உயரத்தில் விட்டால், உட்காருகிறவரின் எடையே அதைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விழுப்புரத்தில் ஒரு ஆசாரியிடம் படம் வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "இது என்ன சார், தென்னமரம் ஏறுற மாதிரி இருக்குது" என்றார். சரியான ஒப்பீடு. எடை அழுத்த அழுத்தப் பிடிக்கிறது. முதலில் செய்து கொடுத்ததில் சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டார். பலகை வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி கொண்டுபோய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பலகை படுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினோம். கால் நுனிகளுக்கும் ரப்பர். முன் அடிக்கட்டை இரண்டு அடி அகலம். என் 78 கிலோவுடன் மூன்று இரவு சோதித்தபிறகுதான் வேறு யாரையும் உட்காரச் சொன்னேன்.

கால் வைக்க ஒரு குறுக்குக் கட்டை அவசியம். குழந்தையின் கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுவதுகூடக் கண்ணில் தெரியும். உட்கார்ந்து, கால் ஊன்றி, முழங்கையை முட்டியில் வைத்தால் அந்த ஆட்டம் அடங்கும். மெல்லிய வளையம், மங்கலான புகைப்படலம் எல்லாம் அதன்பிறகுதான் கண்ணுக்குப் பிடிபடும். இருட்டுக்குக் கண் பழகவே இருபது முப்பது நிமிடம் ஆகும். நின்றுகொண்டிருக்கிறவர் அதற்குள் கீழே போய்விடுவார்.

போன வாரம் அந்த மாணவர் மகளோடு வந்திருந்தார். என் நாற்காலியில் பலகையை அவள் உயரத்துக்கு மாட்டி, வியாழனைக் காட்டினேன். "மூணு புள்ளிதான் இருக்கு தாத்தா, நாலு இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே" என்றாள். நாலாவது வியாழனுக்குப் பின்னால் போயிருக்கும், வரும்போது வரும் என்றேன். அவள் அப்பா இரண்டு முறை "போலாம்மா, தாத்தாவுக்குத் தூக்கம் வரும்" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடம் கழித்து விளிம்பில் ஒரு பரு முளைத்ததுபோல் அது வந்தது. நான் பார்ப்பதற்கு முன் அவள்தான் பார்த்தாள்.

அளவுகளோடு வரைபடம் கையால் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஆசாரியின் போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், தனியாகக் கேளுங்கள். மொட்டை மாடிக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர்தான். பிள்ளைகளை அழைத்துவருகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டு வாருங்கள்.